பள்ளிவாசல் படியை அளந்து பார்த்தீர்களா?



புதிதாகப் பள்ளிவாசல் கட்டும் ஊர்களுக்குப் பிரச்சாரத்திற்காகச் சென்றால், நிர்வாகிகள் முதலில் காட்டுவது மினாராவின் உயரத்தைத்தான். இத்தனை அடி மினாரா, இத்தனை ஆயிரம் சதுர அடியில் தொழுகைக் கூடம், இத்தனை லட்சத்திற்குக் கிரானைட் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மாஷா அல்லாஹ்! வியர்வை சிந்திச் சம்பாதித்த காசைக் கொடுத்து அல்லாஹ்வின் இல்லத்தை எழுப்புகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நிறைவான கூலியை வழங்குவானாக!

ஆனால் ஒரே ஒரு அளவை மட்டும் கேட்டால் எவருக்கும் பதில் தெரிவதில்லை. வாசல்படி எத்தனை அங்குல உயரம்? சக்கர நாற்காலியில் வரும் ஒரு சகோதரர் அந்தப் படியைத் தாண்டி எப்படி உள்ளே வருவார்?

"அப்படி யாரும் நம்ம பள்ளிக்கு வர்றதில்லையே பாய்!" என்பார்கள். வருவதில்லை என்பது உண்மைதான். ஏன் வருவதில்லை என்று சிந்தித்தோமா? அவர் வராததால் படி கட்டினோமா? படி கட்டியதால் அவர் வராமல் போனாரா?

தன் தூதரையே திருத்திய இறைவன்

திருக்குர்ஆனின் 80-வது அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்பது மதரஸாவில் அம்ம ஜுஸ்உ ஓதிய சிறுவனுக்கும் தெரியும். குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கற்க வருகிறார். அந்த நேரத்தில் அவர் குறுக்கிட்டது நபியவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகம் சுளித்தார்கள். பார்வையற்றவருக்கு அந்த முகச்சுளிப்பு தெரிந்திருக்காது. ஆனாலும் அல்லாஹ் அதை விட்டுவிடவில்லை. தேடி வந்தவரை விட்டுவிட்டுத் தேவையில்லை என்றிருப்பவர் பின்னால் போவதா என்று தன் தூதரையே கண்டித்து வசனங்களை இறக்கினான். கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அது பதிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். அந்தத் தோழரை நபியவர்கள் வெறும் இரக்கத்திற்குரியவராக ஓர் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ரமளானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே சொல்லப்படும். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு வரை உண்ணலாம், பருகலாம் என்பது புகாரியில் உள்ள செய்தி. மதீனா முழுவதும் ஒரு பார்வையற்றவரின் குரலைக் கேட்டுத்தான் நோன்பு வைத்தது! நபியவர்கள் பயணம் சென்றபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை அபூதாவூதில் காண்கிறோம்.

இமாமாக நின்றவரின் வாரிசுகள் இன்று நம் பள்ளிவாசலின் முன்வாசலில் நிற்கிறார்கள். உள்ளே வர வழியில்லாததால் நிற்கிறார்கள்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன?

"சாய்தளம் கட்டினால் போதும்தானே?" என்று கேட்பீர்கள். எந்தச் சாய்தளம்? பல கடைகளின் முன்னால் இருப்பது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கான சாய்தளம். அதில் சக்கர நாற்காலி ஏறினால் பின்பக்கமாகக் கவிழும்.

ஒரு அங்குல உயரத்திற்கு 12 அங்குல நீளம். இதுதான் உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு. இரண்டடி உயர மேடைக்கு 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இந்தக் கணக்கை யாரோ ஒரு இன்ஜினியர் மேஜையில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. மனிதர்களை வைத்து ஆய்வு செய்து உருவாக்கினார்கள்.

இரண்டாம் உலகப்போரில் காயமடைந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் சக்கர நாற்காலியோடு கல்லூரிக்கு வந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமோத்தி நியூஜென்ட் என்பவர் அவர்களுக்கான திட்டத்தை 1948-ல் தொடங்கினார். எந்தச் சரிவில் ஏற முடிகிறது, எந்த வாசலில் நுழைய முடிகிறது, கை எவ்வளவு உயரம் எட்டுகிறது என்று மாணவர்களை வைத்தே சோதித்தார்கள். அந்த ஆய்வின் அடிப்படையில் 1961-ல் அமெரிக்காவின் முதல் தேசியத் தரவிதி வெளிவந்தது. மொத்தமே 6 பக்கம்! அந்த 6 பக்கம் உலகத்தின் கட்டடங்களையே மாற்றியது.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. அளக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கையில் வலுவுள்ள இளைஞர்கள். முதியவர் எங்கே? பெண்கள் எங்கே? கைகளிலும் வலுவற்றவர் எங்கே? இந்தக் கேள்வி எழுந்தது. எட்வர்ட் ஸ்டைன்ஃபெல்ட் என்ற ஆய்வாளரின் குழு 1970-களில் இன்னும் பலதரப்பட்ட மனிதர்களை வைத்துச் சோதித்தது. அதன் பலன் 1980-ல் வந்த புதிய பதிப்பில் தெரிந்தது.

அதோடும் நிற்கவில்லை. மோட்டார் பொருத்திய பெரிய நாற்காலிகள் வந்தன. பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்டைன்ஃபெல்ட்டும் அவருடைய சகாக்களும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஏறக்குறைய 500 பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து அளந்தார்கள். பழைய தரவிதியில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பலருக்குப் போதவில்லை என்று தெரிந்தது. இத்தகைய ஆய்வுகளின் விளைவாக 2017-ல் வந்த அமெரிக்கத் தரவிதியில், புதுக் கட்டடங்களில் ஒரு நாற்காலிக்கு ஒதுக்க வேண்டிய நீளம் 48 அங்குலத்திலிருந்து 52 அங்குலமாக உயர்ந்தது. நாற்காலி திரும்புவதற்கான வட்டம் 60 அங்குலத்திலிருந்து 67 அங்குலமாக விரிந்தது.

4 அங்குலம்தானே, 7 அங்குலம்தானே என்று எண்ணாதீர்கள். ஒரு மனிதர் கழிப்பறைக்குள் போய்த் திரும்பி வருவதும், உள்ளேயே மாட்டிக்கொண்டு பிறரைக் கூவி அழைப்பதும் அந்த 7 அங்குலத்தில்தான் இருக்கிறது.

ரயில் நிலையங்களில் நடைமேடை ஓரமாக மஞ்சள் நிறத்தில் புடைப்புள்ள கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காகப் பதித்தது என்று நினைப்பவர்களும் உண்டு. பார்வையற்றவர் காலாலும் கைத்தடியாலும் வழி அறிவதற்காக ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-ல் உருவாக்கிய கல் அது. 1967-ல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதிக்கப்பட்டது. நாளடைவில் ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவில் பதித்ததால் பார்வையற்றவர்களுக்குக் குழப்பம் ஏற்பட்டது. எந்தப் புடைப்பு காலுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று சோதித்து, 2001-ல் ஜப்பான் ஒரே தரவிதியைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணத்தில் ஆளுக்கொரு விதமாகச் செய்தாலும் பயனில்லை. பயன்படுத்துபவரைக் கேட்டு, அளந்து, ஒரே சீராகச் செய்ய வேண்டும்.

ஆக, யாரை அளந்தார்களோ அவருக்குக் கதவு திறந்தது. யாரை அளக்கவில்லையோ அவர் வெளியே நின்றார்.

நம் நாட்டில் என்ன நடந்தது?

இந்தியாவில் 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. கட்டடங்களுக்கும் போக்குவரத்துக்கும் தர அளவுகளை அரசு விதிக்க வேண்டும் என்கிறது அதன் 40-வது பிரிவு. அந்த விதிகளைப் பின்பற்றாத கட்டடத்திற்கு நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்கிறது 44-வது பிரிவு. ரூர்க்கி ஐ.ஐ.டி.யும் தேசிய நகர்ப்புற விவகார நிறுவனமும் சேர்ந்து தயாரித்த விரிவான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. எல்லாம் காகிதத்தில் அழகாகவே இருந்தது.

பார்வைத்திறன் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005-லேயே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவுகளைப் பிறப்பித்தது. அப்போதும் வேலை நகரவில்லை. கள நிலவரத்தை ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் நீதிமன்றம் பொறுப்பைக் கொடுத்தது. கட்டாயம் என்று சட்டம் சொல்வதை, வெறும் பரிந்துரை போல ஆக்கி வைத்திருக்கிறது அரசு வகுத்த 15-வது விதி என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. 2024 நவம்பர் 8 அன்று அந்த விதி சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவை கட்டாயம் என்று பிரித்து வகுக்க 3 மாதக் கெடுவும் விதித்தது.

கவனியுங்கள் சகோதரர்களே! 19 ஆண்டுகள் நடந்த வழக்கில் திருப்பத்தைக் கொண்டுவந்தது ஊர்வலமோ கோஷமோ அல்ல, ஓர் ஆய்வறிக்கை!

கணக்கெடுக்கச் சொன்னவர்கள் கணக்கெடுத்தோமா?

இதன் அருமை நம் சமுதாயத்திற்குத் தெரியாததல்ல. முஸ்லிம்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஆண்டாண்டு காலமாக மேடை போட்டுப் பேசினோம். "தாஜா செய்யப்படும் சமூகம்" என்று நம்மைக் கேலி செய்தார்கள். 2006-ல் நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கல்வி, வேலை, வங்கிக் கடன் என்று ஒவ்வொன்றிலும் எண்களை எடுத்து வைத்தபோது எவராலும் மறுக்க முடியவில்லை. தமிழகத்தில் 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்ததன் பின்னணியில் நமது போராட்டங்களும் இருந்தன, ஆதாரங்களும் இருந்தன.

"எங்களை எண்ணிப் பாருங்கள்" என்று அரசிடம் கேட்ட நாம், நம் மஹல்லாவில் உள்ள மாற்றுத்திறனாளிகளை எண்ணிப் பார்த்தோமா?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். மக்கள்தொகையில் 2.21 சதவீதம். ஆனால் உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க உடல், மனக் குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்கிறது 2022-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதைக் குறைபாடு என்று கொள்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். வீட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மஹல்லா சந்தாப் பேரேட்டை எடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு பாக்கி என்பது இருக்கும். எந்த வீட்டில் காது கேளாத பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் பக்கவாதத்தால் படுத்த வாப்பா இருக்கிறார் என்பது அதில் இருக்கிறதா?

நாம் அளக்க வேண்டிய அளவு

வேறொரு நாட்டின் புத்தகத்தை அப்படியே எடுத்துவைத்தாலும் நம் வேலை முடிந்துவிடாது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே செல்வதற்காக 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய பணி. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சரிசெய்யப்பட்டது. எந்த வசதியையும் அந்தந்த இடத்தின் தன்மையை ஆராய்ந்துதான் செய்ய வேண்டும் என்பதற்கு இது பாடம்.

அமெரிக்காவில் வாசலையும் கழிப்பறையையும் அளந்தவர்கள் உளூச் செய்யும் இடத்தை மனதில் வைத்து அளக்கவில்லை. ஹவுளின் திண்டு எவ்வளவு உயரத்தில் இருந்தால் நாற்காலியிலிருந்து மாறி உட்காரலாம்? குழாய் எங்கே இருந்தால் உட்கார்ந்தபடியே காலைக் கழுவலாம்? ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்காத தரை எது? செருப்பைக் கழற்றும் இடத்தில் செயற்கைக்கால் அணிந்தவர் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டாமா? புர்கா அணிந்து சக்கர நாற்காலியில் வரும் சகோதரிக்குப் பெண்கள் பகுதியில் எவ்வளவு இடம் வேண்டும்? இவற்றையெல்லாம் நமக்காக வேறு எவரும் வந்து அளக்கமாட்டார்கள்.

மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளையே உடன் அழைத்துச் சென்று கட்டடங்களைத் தணிக்கை செய்யும் பணியில் ஈடுபட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் புளிக்கலில் குத்பாவைச் சைகை மொழியில் தரும் பள்ளிவாசல் செயல்படத் தொடங்கியது. நம்மால் முடியாதா?

சொல்லப்படும் சாக்குகள்

"நடக்க முடியாதவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே, வீட்டில் தொழட்டுமே!" என்பார்கள். சலுகை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது அல்லாஹ் அவருக்குக் கொடுத்த உரிமை. நமக்குக் கொடுத்த சாக்கு அல்ல! பார்வையற்ற ஒரு தோழர் தன்னை அழைத்துவர ஆளில்லை என்று வீட்டில் தொழ அனுமதி கேட்டபோது, பாங்கோசை கேட்கிறதா என்று வினவி, கேட்கிறது என்றதும் வரும்படி நபியவர்கள் கூறியதை முஸ்லிமில் பார்க்கிறோம். ஒலிபெருக்கியில் அவரையும் சேர்த்துத்தானே அழைக்கிறோம்? "வாருங்கள்" என்று அழைத்துவிட்டு வாசலில் மூன்று படியைக் கட்டி வைப்பது என்ன நியாயம்?

"சக்கரத்தில் அசுத்தம் இருக்குமே!" என்பது அடுத்த சாக்கு. ஹஜ்ஜத்துல் விதாவில் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் மீதமர்ந்து தவாஃப் செய்தார்கள். உடல்நலமில்லை என்று முறையிட்ட உம்மு ஸலமா (ரலி) அவர்களையும் மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்யச் சொன்னார்கள். இரண்டுமே புகாரியில் உள்ளன. ஒட்டகம் நுழைந்த இடத்தில் சக்கரம் நுழையக்கூடாதா? வாசலில் ஈரத்துணியும் மிதியடியும் வையுங்கள். உள்ளே பயன்படுத்த இரண்டு நாற்காலிகளைத் தனியே வாங்கிப் போடுங்கள். தீர்ந்தது.

"செலவு?" என்பார்கள். கட்டும்போதே திட்டமிட்டால் மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். கட்டி முடித்து இடித்துக் கட்டினால்தான் பெருஞ்செலவு. மினாராவில் சில அடிகளைக் குறைத்தால் வாசலில் சாய்தளத்திற்குக் காசு வந்துவிடும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபியவர்கள் எண்ணிச் சொன்னார்கள். முள்ளும் கல்லும் மட்டும்தான் இடையூறா? சக்கர நாற்காலியில் வருபவருக்கு நம் வாசல்படியே இடையூறு. அதை அங்கே போட்டது நாம்!

வணிகப் பெருமக்களே!

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அலுவலகத்திற்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியாரும் அதற்குள் வருகிறார்கள். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-வது பிரிவு இடம் தருகிறது.

அபராதத்திற்குப் பயந்து செய்வதைவிட ஆதாயத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் கடைப்படி 6 அங்குலம் என்றால் 6 அடிச் சாய்தளம் போதும். முன்னால் இடமில்லை என்றால், தேவைப்படும்போது விரித்து மடக்கும் பலகைச் சாய்தளம் இருக்கிறது. அதில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறும்? மூட்டுவலிக்காரப் பெரியம்மா ஏறுவார். கைக்குழந்தையோடு வரும் தாய் ஏறுவார். சரக்கு இறக்கும் தொழிலாளியின் தள்ளுவண்டி ஏறும். திருமண மண்டபம் நடத்துவோர் மேடைக்கும் சாப்பாட்டுக் கூடத்திற்கும் வழி வையுங்கள். மணமகளின் வாப்பா சக்கர நாற்காலியில் இருந்தால் நிக்காஹ் மேடைக்குக் கீழே அவரை நிறுத்தி வைப்பீர்களா?

இளைஞர்களே! இது உங்கள் வேலை

ஒரு அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், நாலு பேர். இதுபோதும். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவராவது சக்கர நாற்காலியில் வருபவராகவோ, பார்வையற்றவராகவோ, காது கேளாதவராகவோ இருக்க வேண்டும். அவர் இல்லாமல் நீங்கள் எடுக்கும் கணக்கு அரைக்கணக்கு.

முதலில் மஹல்லாவில் வீடு வீடாகச் செல்லுங்கள். யார் இருக்கிறார்கள், எங்கே போக ஆசைப்படுகிறார்கள், எது தடுக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். அரசின் அடையாள அட்டை இல்லாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் அவர்களுக்கு இடஒதுக்கீடு இருப்பதைச் சொல்லுங்கள்.

அடுத்து பள்ளிவாசல், மதரஸா, மண்டபம், கடைத்தெரு என்று அளந்து எழுதுங்கள். படியின் உயரம் என்ன? சாய்தளம் இருந்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு வருகிறதா? அதன் அகலம் 4 அடியாவது இருக்கிறதா? இரு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா? கதவைத் திறந்தால் 900 மில்லிமீட்டர் வழி கிடைக்கிறதா? கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புகிறதா? காது கேளாதவருக்கு ஜும்ஆ பயானின் சுருக்கமாவது எழுத்தில் கிடைக்கிறதா? அளந்ததோடு நிறுத்தாமல் அந்தச் சகோதரரை ஏறிப்பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறினார் என்று எழுதுங்கள். அதுதான் ஆய்வு. நியூஜென்ட் செய்ததும் அதுதான்.

பத்து மஹல்லாவில் எடுத்த கணக்கைச் சேர்த்தால் ஓர் அறிக்கை ஆகும். அதை ஜமாஅத் பொதுக்குழுவில் வையுங்கள். வக்ஃபு வாரியத்திற்கு அனுப்புங்கள். பள்ளிவாசலுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர்களிடம் கொடுங்கள். நகராட்சி ஆணையரின் மேஜையில் வைத்து, நம் தெருவுக்கும் பேருந்து நிலையத்திற்கும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கையில் கணக்கு இருப்பவனை எந்த அதிகாரியும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

ஜமாஅத் நிர்வாகிகளே! இளைஞர்கள் அளவு நாடாவோடு வந்தால் "பொடியன்களுக்கு என்ன தெரியும்" என்று விரட்டாதீர்கள். இன்று ஓடியாடும் நமக்கும் நாளை முழங்கால் மடங்காது. அப்போது அந்தப் படி நம்மையும் தடுக்கும்.

கடைசியாக ஒன்றை மட்டும் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். நடக்க முடியாத அந்தச் சகோதரர் ஒருநாள் மவுத்தாவார். அன்று நாலு பேர் சந்தூக்கில் சுமந்து, எத்தனை படி இருந்தாலும் தூக்கிக்கொண்டு, ஜனாஸா தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வருவோம். உயிரோடு இருக்கும்போது ஒரு ஜும்ஆவுக்காவது யாருடைய தோளும் இல்லாமல், தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு அவர் உள்ளே வர வேண்டாமா?

இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வாசல்படியை அளந்து பாருங்கள். அதை அகற்றும் பணியில் அல்லாஹ் நம் அனைவரையும் ஒன்று சேர்ப்பானாக! வஸ்ஸலாம்.